ஏழாவது சுற்று

இசைவாணியை ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தது சிவகாசியில் ஒரு பழைய இரும்புக் கடையின் எடை மேடை. 2007 ஆகஸ்ட் மாதம். வண்டிக்குச் சட்டம் கட்டக் குழாய் வாங்கப் போயிருந்தார்கள். குழாய்களை நிறுத்து முடித்ததும் மாரிக்கண்ணன் விளையாட்டாக மேடையில் ஏறி நின்றான். அறுபத்தெட்டு. சாலமன்ராஜ் எழுபத்தொன்று. இசைவாணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நாற்பத்தொன்று.

"முடிஞ்சு போச்சு," என்றான் சாலமன்ராஜ். "நீதான் ஓட்டுற."

"எனக்கு சைக்கிளைத் தவிர ஒண்ணும் ஓட்டத் தெரியாது."

"இதுல கியர் கூடக் கிடையாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும்தான். முப்பது கிலோ மிச்சம் வாணி. முப்பது கிலோவை இரும்புல குறைக்கணும்னா மாரி எம்புட்டு நாள் ராவணும் தெரியுமா?"

"நீ உக்காரு," என்றான் மாரிக்கண்ணன். "நான் நல்லா கட்டித் தாரேன். பயப்படாம உக்காரு."

மூவரும் விருதுநகர் போகும் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்தார்கள். சாலமன்ராஜ் சாத்தூர்க்காரன், அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆங்கிலம் தடங்கலில்லாமல் வரும் என்பதால் கடிதம் எழுதுவது, மேலிடத்தில் பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. மாரிக்கண்ணன் திருத்தங்கல். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். தேர்வு எழுதச் சொன்னால் கை நடுங்கும். வெல்டிங் கோலைக் கொடுத்தால் தையல் போட்டது மாதிரிப் பற்றவைப்பான். இசைவாணி மின்னியல் படித்தாள். தாயில்பட்டி. அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா ஆவுடைத்தாய் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றினாள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் இசைவாணி.

வண்டி கட்டும் யோசனை நேசகுமார் சாருடையது. மின்னியல் துறையில் விரிவுரையாளர். முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்லூரி மாணவர்கள் கட்டிய சூரியசக்தி வண்டிகளுக்கு அகில இந்திய அளவில் ஒரு பந்தயம், கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பந்தயத்தடத்தில், வரும் பிப்ரவரியில் நடக்கப்போகிறது என்று ஓர் அறிவிப்பை எங்கிருந்தோ எடுத்துவந்து வகுப்பில் வாசித்தார்.

"நம்ம ஊருல வருசத்துல முந்நூறு நாள் வெயில். அந்த வெயில்ல பட்டாசை மட்டும்தான் காயப்போடணுமா?" என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. வகுப்பு முடிந்தபின் அவரைத் தேடிப் போனவர்கள் இந்த மூன்று பேர்தான்.

கல்லூரித் தாளாளர் எட்டு சோலார் பேனல்கள் வாங்கித்தரச் சம்மதித்தார். வீட்டு மாடியில் வைக்கும் கனமான கண்ணாடிப் பேனல்கள். மற்ற கல்லூரிகள் காகிதம் போல் மெலிந்த செல்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்கின்றன என்று கேள்விப்பட்டார்கள். இவர்களுக்குக் கிடைத்தது இதுதான். மாரிக்கண்ணன் ஒவ்வொரு பேனலின் அலுமினியச் சட்டத்தையும் கண்ணாடி கீறாமல் பிரித்தெடுத்தான். ஒன்றுக்கு ஒரு நாள் ஆனது. பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டார் ஒன்று மதுரையில் கிடைத்தது. சக்கரங்கள் மொபெட்டுடையவை. ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் நான்கு மாதம் வேலை நடந்தது. இசைவாணி வயரிங் முழுவதையும் தானே செய்தாள். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவிடம் விளக்கிச் சொன்னாள். ஆவுடைத்தாய் விரலிடுக்கில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மேகம் போட்டா?"

"பேட்டரி இருக்கும்மா. கொஞ்ச நேரம் தாங்கும்."

"பரவால்லையே. எங்களுக்கு அதுவும் கிடையாது. மேகம் போட்டா வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாக." கையைக் கழுவிவிட்டு, "நீயா ஓட்டப் போற?" என்றாள்.

"ஆமாம்மா."

"யாத்தே," என்று மட்டும் சொன்னாள். ஆனால் மறுநாளே கம்பெனி முழுக்க விஷயம் தெரிந்திருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பக்கோட்டை அணைக்கரைச் சாலையில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அம்மாவோடு வேலை பார்க்கும் பெண்கள் பத்துப் பேர் போல் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தட்டையான மேசை ஒன்று உருண்டு வருவது போலத்தான் இருந்தது வண்டி. இசைவாணி நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. டயர் தார்ச்சாலையில் உரசும் ஒலி, காதில் காற்று, அவ்வளவுதான். மாரிக்கண்ணன் பைக்கில் பக்கத்திலேயே வந்தான். "முப்பது! முப்பத்தஞ்சு! முப்பத்தெட்டு!" என்று கத்தினான். நேசகுமார் சார் கரையில் நின்று படமெடுத்தார். தண்ணீர் ஒருபக்கம், வெயில் மேலே. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்; தான் சிரித்தது கரைக்குத் திரும்பியபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"ஏத்தா, ரயிலு மாதிரில்ல வந்த!" என்று ஆவுடைத்தாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினாள்.

ஜனவரி மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. நேசகுமார் சார் கொட்டகை வாசலில் நின்றபடியே அதை வாசித்தார். பந்தயம் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. புதிய தேதி அக்டோபர் பதினெட்டு, பத்தொன்பது.

"அப்ப நாங்க யாரும் இங்கன இருக்க மாட்டோமே சார்," என்றான் சாலமன்ராஜ்.

"பதிவு பண்ணினவங்க படிப்பு முடிஞ்சிருந்தாலும் கலந்துக்கலாம்னு போட்டிருக்கு. அது ஒண்ணும் பிரச்சினை இல்ல."

மாரிக்கண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சார், அது ஐப்பசி."

ஐப்பசி என்றால் என்ன என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. நேசகுமார் சார் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மழை எல்லாருக்கும்தான் பெய்யும்," என்றார். தைரியம் சொல்லத்தான் சொன்னார்.

அந்த எட்டு மாதம்தான் அவர்களைக் கலைத்தது. வெயில் குறைவாக இருந்தாலும் ஓட வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும் என்று மாரிக்கண்ணன் சட்டம் முழுவதையும் பிரித்து மறுபடி கட்டினான். மின்வெட்டு தொடங்கியிருந்த நேரம். கரண்ட் வரும் நேரத்தில் வகுப்பை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடுவான். பதினாறு கிலோ குறைத்தான். கடைசித் தேர்வில் இரண்டு பாடம் போயிற்று. "நவம்பர்ல எழுதிக்கிடலாம்," என்று சொல்லிவிட்டு சிவகாசியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தான். சாலமன்ராஜுக்குச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருந்தது. ஜூலையில் சேரச் சொல்வார்கள் என்றார்கள். பிறகு செப்டம்பர் என்றார்கள். பிறகு நாங்களே தெரிவிப்போம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அவன் சாத்தூரில் வீட்டுக்குள்ளேயே இருந்தான். யாராவது வேலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெருவில் இறங்குவதில்லை.

இசைவாணி ஐந்து நேர்முகத் தேர்வுகளுக்குப் போனாள். வண்டியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு இடத்தில் ஆர்வமாகக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னபோது பாதியில் வார்த்தை நின்றுவிட்டது. ஆகஸ்டில் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைக்கும் வேலை கிடைத்தது. தீபாவளி சீசன். மத்தாப்புப் பெட்டிக்கும் புஸ்வாணப் பெட்டிக்கும் நாள் முழுக்க நட்சத்திரங்களையும் சிரிக்கிற குழந்தைகளையும் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் கல்லூரி முதல்வர், வண்டியைக் கொண்டுபோகலாம், லாரியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சிவகாசியில் எந்த லாரி சும்மா நிற்கும்? கடைசியில் மாரிக்கண்ணன் தன் பட்டறையில் பாடி கட்டி முடித்த ஒரு லாரியைப் பிடித்தான். கோயம்புத்தூர்க்காரருடையது, காலியாகத் திரும்பியது. வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். நேசகுமார் சார் டிரைவர் பக்கத்தில். மற்ற மூன்று பேரும் பின்னால், தார்ப்பாய் போர்த்திய வண்டியைப் பிடித்துக்கொண்டு. மதுரை தாண்டியதும் மழை பிடித்தது. திண்டுக்கல்லுக்கு அப்பால் சாலை வேலை நடந்த இடத்தில் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்தச் சத்தத்தை மூவரும் கேட்டார்கள். தார்ப்பாயை விலக்கிப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து விலக்கியபோது இரண்டு பேனல்களில் கண்ணாடி சிலந்தி வலை போல் விரிந்திருந்தது. மாரிக்கண்ணன் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

"டேப் ஒட்டிருவோம்," என்றாள் இசைவாணி. "உள்ள தண்ணி போகாம இருந்தா கொஞ்சம் கரண்ட் வரும்."

மறுநாள் சனிக்கிழமை சோதனை. பிரேக் பிடிக்கிறதா, வயர்களுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இவர்கள் வண்டி தேறியது. பதினான்கு வண்டிகள் வந்திருந்தன. சில வண்டிகள் மீன் போல வழவழப்பாக இருந்தன. ஒன்றின் மேற்பரப்பில் செல்கள் துணி போல வளைந்து படிந்திருந்தன. சாலமன்ராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இது வேற விளையாட்டு சார்," என்றான் நேசகுமாரிடம். "நம்மள இதுக்குள்ள எதுக்குக் கூட்டிட்டு வந்தீக?"

நேசகுமார் சாருக்குச் சட்டென்று முகம் வாடிப்போயிற்று. "ஓடுறதுக்குத்தான்பா," என்றார்.

பந்தயம் ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. மூன்று மணி நேரத்தில் அதிகச் சுற்று ஓடிய வண்டி வெற்றி. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முழு சார்ஜ் பேட்டரியோடு தொடங்கலாம். அதன்பின் சூரியன் தருவதுதான். வழியில் நின்றாலும் ஓட்டுநர் வண்டியிலேயே இருக்க வேண்டும்; இறங்கினால் விலகியதாகக் கொள்ளப்படும். முழுமையாகாத சுற்று கணக்கில் வராது.

அன்று காலை சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. வானம் ஈயப் பாத்திரம் போலக் கவிழ்ந்திருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியில் அவளுக்கு எதிரே ஓர் ஆம்மீட்டர் பொருத்தியிருந்தார்கள். பேனல்களிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று முள் காட்டும். வெம்பக்கோட்டையில் அது எட்டுக்கு மேல் நின்றது. இங்கே ஒன்றைத் தொடவில்லை.

"மெதுவாப் போ," என்றான் மாரிக்கண்ணன் குனிந்து. "பதினஞ்சுக்கு மேல போகாத. யாரு முந்துனாலும் முந்தட்டும். நாம நிக்காம இருந்தாப் போதும்."

கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் அவளைத் தாண்டிப் போயின. அவள் பதினைந்திலேயே போனாள். முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது. தடத்தின் ஒரு பக்கம் மெல்லிய ஏற்றம். அங்கே வரும்போதெல்லாம் பேட்டரியின் அளவு இறங்குவது தெரிந்தது. நான்காவது சுற்றில் மழை வலுத்தது. ஐந்தாவதில் இரண்டு வண்டிகள் ஓரமாக நின்றிருக்கக் கண்டாள்; அவற்றையாவது முந்திவிடலாம் என்று அவளுக்குக் குறுகுறுவென்று ஓர் ஆசை எழுந்தது. ஆறாவது சுற்றை நடக்கிற வேகத்தில் முடித்தாள். வேலியோரம் நின்ற மாரிக்கண்ணன் இரண்டு கையையும் கீழே அமுக்கி, மெல்ல, மெல்ல என்று சைகை காட்டினான்.

ஏழாவது சுற்றில், ஏற்றத்தின் அடியில், வண்டி நின்றது. மணி பதினொன்றரை.

ஒரு கொடிக்காரர் மழைக்கோட்டுடன் ஓடிவந்தார். "என்னம்மா, இறங்கறீங்களா? வண்டியை ஓரமா இழுத்துரலாம்."

"இல்லீங்க. வெயில் வரட்டும்."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். பேனல்கள் தலைக்கு மேல் கூரை போல இருந்ததால் முகம் நனையவில்லை, கால்கள் நனைந்தன. டேப் ஒட்டிய விரிசலிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக அவள் மடியில் விழுந்தது. முள் அரைக்குக் கீழே கிடந்தது. மற்ற வண்டிகள் தாண்டிப் போகும்போது டயர் வாரியடித்த தண்ணீர் அவள்மேல் தெறித்தது. அந்த மீன் போன்ற வண்டி பத்தாவது முறையாகவோ பதினோராவது முறையாகவோ தாண்டிப் போயிற்று. அதை ஓட்டியவன் ஒருமுறை கையசைத்தான். கேலியாக இல்லை, அன்பாகத்தான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மாரிக்கண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் எதிரே வந்து நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான்.

"வாணி, இறங்கிரு. போதும்."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல."

"சாலமன் கேட்டுக்கு வெளிய போய் உக்காந்துட்டான். நடுங்குறே நீ. இறங்கு."

"மாரி, இங்கன இருந்து கோடு எம்புட்டு தூரம்?"

அவன் திரும்பிப் பார்த்தான். "நானூறு மீட்டர். கூட இருக்கும்."

"அது வரைக்கும் போனா ஏழு."

"ஏழுன்னா என்ன, ஆறுன்னா என்ன?" என்றான் அவன். அவள் இறங்கவில்லை. அவனும் போகவில்லை. கம்பியைப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.

பன்னிரண்டே முக்கால் சுமாருக்கு மழை விட்டது. தலைக்கு மேல் மேகம் கொஞ்சம் கிழிந்தது. தடத்தின் மேல் வெளிச்சம் படர்ந்து வருவதை அவள் கண்ணால் பார்த்தாள். முள் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்றரை. மாரிக்கண்ணன் வேலியைப் பிடித்து உலுக்கினான். "இரு! இப்பப் போகாத! கொஞ்சம் ஏறட்டும், பேட்டரியில ஏறட்டும்!"

அவள் இரண்டு நிமிடம் பொறுத்தாள். பிறகு மேகத்தின் விளிம்பைப் பார்த்தாள். அது மூடிக்கொண்டிருந்தது. இன்னும் காத்திருந்தால் இதுவும் போய்விடும் என்று தோன்றியது. சுவிட்சைப் போட்டாள்.

வண்டி நகர்ந்தது. ஏற்றத்தில் மூச்சுப் பிடித்து ஏறுகிற கிழட்டு மாடு போல ஏறியது. மாரிக்கண்ணன் வேலியோரமாகக் கூடவே ஓடிவந்தான். ஏற்றம் முடிந்தது. திருப்பம் தாண்டியது. முடிவுக்கோட்டின் மேல் கட்டியிருந்த துணி தெரிந்தது. அதன் அடியில் நேசகுமார் சார் குடையைக் கீழே போட்டுவிட்டு நின்றது தெரிந்தது. அப்போது வெளிச்சம் அணைந்தது. கோட்டுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. மறுபடி நகரவில்லை. ஒரு மணிக்குச் சங்கு ஊதியபோது அவள் இறங்க முயன்றாள், கால்கள் மரத்துப்போயிருந்தன. மாரிக்கண்ணன்தான் தூக்கிவிட்டான்.

பதின்மூன்றாவது இடம். பதினான்காவது வண்டி சோதனையிலேயே தேறாமல் போனது.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடைத்தாய் கேட்டாள்: "ஓடிச்சா?"

"ஆறு சுத்து ஓடிச்சும்மா."

"ஆறா! ஜெயிச்சவுக?"

"இருபத்திரண்டு."

"அவுகளுக்கும் இதே மளதானே பேஞ்சுது?"

"இதே மழைதான்மா."

அம்மா தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டு வைத்தாள். இசைவாணி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள்.

வண்டி மறுபடி கொட்டகைக்குள் போனது. ஜனவரியில் மின்வெட்டு அதிகமானபோது உடையாத ஆறு பேனல்களையும் கழற்றி, தாளாளர் அறையின் மேல்தளத்தில் மாட்டினார்கள். அவர் அறையில் விளக்கும் விசிறியும் நிற்காமல் ஓடின. நேசகுமார் சார் அது கூடாது என்று சண்டை போட்டதாகச் சொன்னார்கள். அந்தப் பருவத்தோடு அவர் வேலையை விட்டு நாகர்கோவில் பக்கம் போய்விட்டார். மோட்டாரையாவது தாருங்கள் என்று மாரிக்கண்ணன் கேட்டுப் பார்த்தான். கல்லூரிச் சொத்து, தர முடியாது என்றார்கள். அவன் அந்த இரண்டு பாடத்தை எழுதவே இல்லை. மார்ச்சில் வெல்டராக மஸ்கட் போனான். சாலமன்ராஜுக்கு உறுதியாகியிருந்த அந்த வேலை வரவே இல்லை. சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலைக்குப் போனான். போன நாளிலிருந்து அவன் இசைவாணியோடு பேசவில்லை.

2009 ஏப்ரலில் அந்தக் கல்லூரியின் சேர்க்கைக் கையேடு அவள் வேலை பார்த்த அச்சகத்துக்கே ஆர்டராக வந்தது. கல்லூரி மேலாளர் இராமகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன் அட்டைக்கு அவர் கொடுத்த படத்தைத் திறந்ததும் இசைவாணியின் கை நின்றுவிட்டது. வெம்பக்கோட்டை. அணைத் தண்ணீர். வண்டி. உள்ளே பச்சைச் சுடிதாரில் வாய்விட்டுச் சிரிக்கிற அவள்.

"மேல பெரிய எழுத்துல போடுங்கம்மா. அகில இந்திய சூரியசக்திப் பந்தயத்தில் சாதனை படைத்த நமது வாகனம்." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார். "இந்தப் பிள்ளை ஹெல்மெட் போடலையே. பெத்தவங்க பாத்தா ஒரு மாதிரி நினைப்பாங்க. பிள்ளையை எடுத்துருங்க. வண்டி மட்டும் இருக்கட்டும்."

"சார், அது நான்தான்," என்றாள் இசைவாணி.

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்படியா? நம்ம ஸ்டூடன்ட்டா? ரொம்ப சந்தோசம்மா," என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. பிறகு, "எடுத்துருங்கம்மா," என்றார்.

அதிக வேலையில்லை. சுற்றியிருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதியெடுத்துத் தன் முகத்தின் மேல் வைத்தாள். இருக்கையின் கறுப்பைத் துப்பட்டாவின் மேல் வைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள்தான் கொஞ்சம் சிரமம் கொடுத்தன. அரைமணி நேரத்தில் வண்டி ஆளில்லாமல் அணைக்கரையில் ஓடியது. இராமகிருஷ்ணன் நன்றாக வந்திருக்கிறது என்று முதலாளியிடம் பாராட்டிவிட்டுப் போனார்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தது. அடுத்த தெரு மாடத்தி தன் மகள் எழிலைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாடத்தி ஆவுடைத்தாயோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவள். எழில் கையில் அந்தக் கையேடு இருந்தது. அட்டை வெயிலில் பளபளத்தது.

"அக்கா, அங்கன சேர்ந்தா நாங்களும் இந்த வண்டிய ஓட்டலாமா?" என்று கேட்டாள் எழில். நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு ஆவல்.

இசைவாணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அந்த வண்டி இப்ப ஓடாது எழில். பேனலை எல்லாம் கழட்டிட்டாங்க. பந்தயத்துல நாங்க ஜெயிக்கவும் இல்ல, கடைசிதான் வந்தோம். சொல்லிக்கொடுத்த சாரும் இப்ப அங்கன இல்ல. உன் மார்க்குக்குக் கவுன்சிலிங் போனா அரசாங்கக் காலேஜே கிடைக்கும். திருநெல்வேலியில கேட்டுப் பாரு."

மாடத்தியின் முகம் மாறியது. "வெளியூர்ல பொட்டப் பிள்ளைய எங்கன கொண்டு விட? இதுன்னா பஸ்ஸு ஊருக்குள்ளயே வந்து ஏத்திட்டுப் போகுது," என்றாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்த ஆவுடைத்தாய், தூக்குவாளியைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"மாடத்திகிட்ட என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன்."

"எம் மூஞ்சிக்கு நேரா சொல்றா. உம் மக படிச்சுட்டா, அடுத்த பிள்ளை படிக்கக் கூடாதாக்கும், வயித்தெரிச்சல்ல கடைசி வந்தோம்னு பொய் சொல்றான்னு."

"பொய்யா? அது எப்படிம்மா பொய்யாகும்?"

ஆவுடைத்தாய் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஜெயிச்சுட்டு வந்தான்னுல்ல எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றாள். "என்னத்தச் சொல்லச் சொல்ற? அம்புட்டுப் பேரும் கேட்டாக. காய்ச்சலோட நீ சுருண்டு கெடக்க. நான் எப்படிச் சொல்ல?" பிறகு குரல் இறங்கியது. "இப்ப புஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு. நீ மட்டும் இல்லைங்குற."

இசைவாணி எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக் கழுவப் போட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

எழில் அந்தக் கல்லூரியிலேயே சேர்ந்தாள். ஆகஸ்டிலிருந்து தினமும் காலையில் கல்லூரி பஸ் தாயில்பட்டி நிறுத்தத்துக்கு வந்தது. திருத்தங்கல் போக இசைவாணியும் அதே நேரத்துக்கு அங்கேதான் டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். எழில் மடிப்புக் கலையாத துப்பட்டாவோடு நாலைந்து பிள்ளைகளுடன் நின்றிருப்பாள். முதல் நாள் இசைவாணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். எழில் குனிந்து பையில் எதையோ தேடினாள். இரண்டாம் நாளும் தேடினாள். மூன்றாம் நாள், கல்லூரி பஸ் வந்து நின்றதும், எழில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்; பக்கத்திலிருந்த பிள்ளை இவளைக் காட்டி என்னவோ கேட்க, எழில் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

அதன்பின் இசைவாணி ஒரு பஸ் முந்தியே வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.